தொப்பிக்காரியின் பதில்

ஆயர் குரோ
9 ஆகஸ்ட் 2025

திரு. ஜூலியஸ் சவரிமுத்து அவர்களுக்கு,

இன்று 2025 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. எனக்கு வயது எண்பது ஆண்டு, நான்கு மாதம், ஒரு நாள். இதை முதலிலேயே எழுதக் காரணம், உங்கள் கடிதம் என்னைத் "தொண்ணூறை நெருங்கும் மூத்த சாட்சி" என்று குறிப்பிடுகிறது. சாட்சியை விசாரிக்கும் முன் அவருடைய வயதையாவது விசாரித்திருக்கலாம்.

ஆம், உங்கள் தந்தையார் சவரிமுத்து 1954-இல் பெம்பான் பக்கத்து எட்டாங்கட்டைத் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை ஊமைப் படம் காட்ட வந்தார். நான் அங்கே பிறந்தவள். அவர் வந்தபோதெல்லாம் பார்த்தேன். பட்டணத்துக் கொட்டகைகளில் பேசும் படம் வந்து இருபது ஆண்டு ஆகியிருந்த காலத்தில் ஊமைப் படத்தை யார் பார்த்தார்கள் என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் இல்லை. உங்கள் தந்தையிடம் இருந்ததோ கையால் சுற்றும் கருவி. யாரோ கழித்துப் போட்ட வெள்ளைக்காரப் படச்சுருளை வைத்துக்கொண்டு, கதையைத் தாமே தமிழில் உரக்கச் சொல்லிப் பிழைத்தார். இதில் வியக்க ஒன்றும் இல்லை.

படத்தின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் 'தொப்பிக்காரி' என்றோம். கடற்கரையில் ஒரு பெண்ணின் தொப்பி பறக்கிறது. துரத்திப் போகும் இளைஞன் அதை மிதித்துவிடுகிறான். இருவரும் தம்மைப் பெரிய பணக்காரர் என்று பொய் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அவள் தொப்பிக் கடையில் வேலை பார்ப்பவள், அவன் அதே கடைக்குப் பெட்டி சுமப்பவன். நடுவில் ஒரு நாய் மோதிரத்தை விழுங்குகிறது. கடைசியில், கப்பல் துறையில் அவன் கை நீட்ட, அவள் சிரித்தபடி பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். இதுவரை நீங்கள் எழுதியது சரி.

மற்றவை தவறு. தொப்பியில் இறகு இருந்தது வலப்பக்கம் அல்ல, இடப்பக்கம். தொப்பி பறந்தது இடமிருந்து வலமாக அல்ல, வலமிருந்து இடமாக. ஒரு படத்தை ஒரே ஒரு முறை பார்த்தவர் இவ்வளவு உறுதியாகத் தவறு செய்வது வருந்தத்தக்கது.

அக்டோபர் மாதக் கண்காட்சியில் 'இரட்டைக் குரல் சவரிமுத்து' என்று பலகை வைக்கப் போகிறீர்கள். அவர் ஆண் குரலிலும் பெண் குரலிலும் பேசினார் என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறீர்கள். அது இயலாது. காரணம் சொல்லும் எண்ணமும் இல்லை.

உங்களுக்கு இப்போது காது கேட்பதில்லை என்று எழுதியிருப்பதால் தொலைபேசித் தொல்லை இருக்காது. அந்த வகையில் நன்றி.

விஜயராணி

*

செர்காம்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. என் மகள் கிளாரிசா வாசித்துவிட்டு, போனில் தட்டி என்னிடம் காட்டினாள்: "டாடி, இந்த ஆன்ட்டி உங்களுக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்காங்க லா." வயதைத் தவறாக எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு எழுபத்தெட்டு. உங்களைவிடச் சின்னவன்தான்.

டீச்சர், பலகை வைப்பது கண்காட்சிக்காக மட்டும் இல்லை. விவரமாக எழுதுகிறேன், கோபிக்காமல் வாசியுங்கள்.

நான் பிறந்தபோதே அம்மா தவறிவிட்டார். மலாக்காவில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய விடுதியில் வளர்ந்தேன். அப்பா ஊர் ஊராகப் படம் காட்டப் போவார். என்னைக் கூட்டிப் போனது ஒரே ஒரு முறை. அது உங்கள் தோட்டம். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவிவிட்டார். ஊமைப் படம் காட்டப் போகிறவர் மகனுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நான் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சுற்றிக்கொண்டே ஆண் குரலில் பேசுவார். பெண் குரல் மட்டும் துணிக்குள்ளிருந்து வருவது போல வரும். நான் அசந்துபோனேன். கடைசியில் கப்பல் துறை வந்தது. அப்பா சொன்னார்: "என்கூட வந்துடு. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துடு."

தொப்பிக்காரிக்கு ஏது பிள்ளை? ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எப்பய்யா பெத்தா? எங்களுக்குக் காட்டவே இல்லியே!" என்று ஒருவர் கத்தினார். துணியில் அவள் சிரித்தபடி அவன் கையைப் பிடிக்கிறாள். அந்த இடத்தில் அப்பா சுற்றுவதை நிறுத்திவிட்டார். படம் அப்படியே நின்றது. அப்போது அந்தப் பெண் குரல், "நான் வரல" என்றது. கையைப் பிடித்துக்கொண்டே வரவில்லை என்கிறாள்! விளக்குச் சூட்டில் படம் கருகி, பிடித்த கைகளின் நடுவில் ஓட்டை விழுந்து, பெரிதாகி, தீப் பற்றிக்கொண்டது. "மாபோக்! மாபோக்!" என்று, குடித்திருக்கிறான் என்பதை மலாயில் சொல்லிக் கூச்சல். யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள்.

அதன் பிறகு அப்பா கருவியைத் தொடவில்லை. மிச்சச் சுருள்களை இங்கே செர்காம் கடலில் போட்டுவிட்டு, மீன் லாரியில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்துச் செத்தார். அத்தை சாகும்வரை, "குடிச்சுட்டுப் படத்தக் கொளுத்துனவன்" என்றே சொன்னார். இப்போது என் பேரப்பிள்ளைகளும் விளையாட்டாக அதையே சொல்கிறார்கள். அந்தப் பெயரைத் துடைக்காமல் நான் போகக் கூடாது, டீச்சர். எனக்கு வேறு வேலை இல்லை.

ஒரே குழப்பம். செர்காம் பக்கம் அப்பாவைக் கேட்டவர்கள், அவருக்கு ஒரே குரல்தான், பெண் குரல் பூனை கத்துவது போல இருக்கும் என்கிறார்கள். உங்கள் தோட்டத்து ஆட்கள் மட்டும் இரட்டைக் குரல் என்கிறார்கள். யாரை நம்புவது?

இன்னொன்று. கருகாத ஒரு துண்டுப் படம் என்னிடம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இறகு வலப்பக்கம்தான்.

ஜூலியஸ்

*

ஆயர் குரோ
24 ஆகஸ்ட் 2025

திரு. ஜூலியஸ் அவர்களுக்கு,

உங்கள் தந்தை அன்று குடித்திருக்கவில்லை. இதை எழுத்தில் தருகிறேன். எங்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். பிறகு முப்பது ஆண்டுகள், ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு அதையே கற்பித்தேன். நீங்கள் 'டீச்சர்' என்பது பதவிக் குறைப்பு, ஆனாலும் பழகிவிட்டது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் ஒருவர் பொய்யர் என்று முடிவு செய்வது முதலாண்டு மாணவர்களின் வழக்கம். ஒரே மனிதர் செர்காமில் ஒரு குரலிலும் எட்டாங்கட்டையில் இரண்டு குரலிலும் பேசியதாகச் சொன்னால், இரு தரப்பும் தாங்கள் கேட்டதையே சொல்கிறார்கள் என்று கொள்ள முடியாதா? கொஞ்சம் யோசியுங்கள். அதிகம் யோசிக்க வேண்டாம்.

பலகையில் அவருடைய பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். 'இரட்டைக் குரல்' வேண்டாம். நான் சொல்லக்கூடியது அவ்வளவே.

நேரில் வரட்டுமா என்று கடித உறையின் மேல் எழுதியிருந்தீர்கள். தபால்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தயவுசெய்து உறைக்கு உள்ளே எழுதுங்கள். வர வேண்டாம்.

இறகு இடப்பக்கம்.

விஜயராணி

*

செர்காம்
1 செப்டம்பர் 2025

டீச்சர் அவர்களுக்கு,

மரியாதையோடுதான் எழுதுகிறேன், ஆனால் கோபமாக எழுதுகிறேன். குடிக்கவில்லை என்று தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே! இதை வைத்துக்கொண்டு நான் அத்தையின் கல்லறையிலா போய்ச் சொல்வேன்?

கிளாரிசா என்னை பெம்பானுக்குக் கூட்டிப் போனாள். உங்கள் தோட்டத்துக் காந்தன் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறு வயது. அங்கே பேசியதையெல்லாம் கிளாரிசா போனில் தட்டிக் காட்டினாள். "உங்கப்பா வாய அசைக்காம, பொம்பள கொரல துணிக்குள்ளருந்து வரவெப்பாரு தம்பி. மந்திரம்!" என்றாராம். எழுந்து நின்று செய்தும் காட்டினார். கோழியைக் கழுத்தில் பிடித்தது போல இருந்தது என்று கிளாரிசா எழுதினாள்.

அவர் மனைவி ஜெயமணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்கல்லாம் முன்னால ஒக்காந்த ஆளுங்க. ஒங்களுக்கு என்னா தெரியும்?" என்றார். காந்தன் அண்ணன், "என்னாடி சொல்ற?" என்றார். "ஒண்ணுமில்ல, நீங்க கோழி கத்துங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, உங்கள் மேல் இருந்த கோபத்தில் துண்டுப் படத்தை மறுபடி எடுத்தேன். கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து ஜன்னலில் பிடித்தால், இறகு இடப்பக்கம் இருக்கிறது! அப்புறம்தான் தெரிந்தது, திருப்பிப் பிடித்திருக்கிறேன்.

டீச்சர், நீங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள், இல்லையா? ஜெயமணி அக்காவும் அங்கேதான். துணிக்குப் பின்னால் ஆட்கள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இருட்டில் நான் என்ன கண்டேன்?

இனி டீச்சர் என்று எழுதவில்லை. அக்கா, பெண் குரல் துணியிலிருந்து வந்தது. அங்கே யார் இருந்தார்கள்? பலகை செய்கிறவர் இருபதாம் தேதி வருகிறார்.

ஜூலியஸ்

*

ஆயர் குரோ
8 செப்டம்பர் 2025

திரு. ஜூலியஸ் அவர்களுக்கு,

'அக்கா' என்று அழைக்க நான் அனுமதி தரவில்லை. திரும்பப் பெற வேண்டிய அவசியமும் இல்லை.

ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். யாரும் கட்டளையிடவில்லை, எல்லாரும் கடைப்பிடித்தோம். மெல்லிய துணி, இரு பக்கமும் படம் தெரியும். எங்களுக்கு இடம் வலமாகவும், வலம் இடமாகவும் தெரிந்தது. ஆங்கில எழுத்துகளும் திரும்பியே நின்றன. படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாததால் நட்டமில்லை.

முதல் முறை உங்கள் தந்தை எல்லாவற்றையும் தாமே பேசினார். தொப்பியை அவன் மிதித்த இடத்தில், அவளுக்காகக் கீச்சுக் குரலில், "நாதா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார். செர்காம்காரர்கள் சொல்வது சரி. பூனைதான்.

எங்கள் நடுவிலிருந்து ஒரு பெண் எரிச்சலோடு சொன்னாள்: "இவ எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும்? மிதிச்சவன் அவன்!"

துணிக்கு அப்பால் பேச்சு நின்றது. கருவி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கதாநாயகனின் குரல்: "மிதிச்சது நான்தாங்க. புதுசு வாங்கித் தரட்டுமா?"

"மொதல்ல கால எடு."

ஆண்கள் பக்கம் இடி போலச் சிரிப்பு. சவரிமுத்துவுக்குப் பெண் குரலும் வருகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தியும் அதைத் திருத்தவில்லை. ஏனென்றால் பேசியவள் கணவனை இழந்தவள். அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள். அந்த அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, மற்ற எல்லாரையும்விட உரக்கக் கைதட்டிக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் அதே கை வேறு வேலை செய்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் இது நடந்தது. படம் ஒன்றுதான்; பேச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நாய் மோதிரத்தை விழுங்கிய இடத்தில் ஒரு மாதம் அவள், "நாய்க்கே கல்யாணம் பண்ணி வைங்க" என்றாள். அடுத்த மாதம் அவர் அதற்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு வந்தார்: "நாய்கிட்ட கேட்டுட்டேன், ஒன்னத்தான் கட்டிக்கச் சொல்லுது." அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசி நான் பார்த்ததில்லை. படம் முடிந்ததும் பெண்கள் முதலில் லயத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

பேசியவள், விடிந்தால் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவள். பெயர் அஞ்சலை. என் தாய். 1998-இல் இறந்தார். "வெளிய சொல்லாதடி" என்று சொல்லியிருந்தார். அவர் போன பிறகு அந்தக் கட்டளையை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று எனக்குத் தெரியாததால், இதுவரை சொல்லவில்லை.

ஆகவே, இரட்டைக் குரல் வேண்டாம்.

விஜயராணி

*

செர்காம்
13 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவைத் துணிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரிக்க வைத்தார் என்பது சந்தோஷம்தான். வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று தெளிந்தால் இரண்டு கலங்குகிறது. அப்படியென்றால் "நான் வரல" என்றது உங்கள் அம்மா. மற்ற மாதமெல்லாம் அந்த இடத்தில் என்ன சொன்னார்? அன்றைக்கு மட்டும் ஏன் மாற்றினார்? அதுவும் வேடிக்கையா? ஒரு வேடிக்கைப் பேச்சுக்காக ஒரு மனிதர் தன் பிழைப்பையே எரியவிடுவாரா? இல்லை, உங்கள் அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பாவின் கை நின்றுவிட்டது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை ஏன் நின்றது?

பிள்ளை விஷயம் இன்னும் மோசம். அதைச் சொன்னது உங்கள் அம்மா இல்லை, அப்பா. படத்தில் பிள்ளையே கிடையாது. இல்லாத பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னவர் தெளிவாக இருந்தார் என்று எப்படி நம்புவது? அத்தை சொன்னதுதான் சரியோ என்று முதல் முறையாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரவெல்லாம் தூக்கம் இல்லை.

கிளாரிசா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என்ன என்று கேட்டேன். "டாடி, நீங்க ரொம்ப ஸ்லோ லா. ஆன்ட்டியையே கேளுங்க" என்று தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன். அந்தப் பிள்ளையை அப்பா எங்கிருந்து கொண்டுவந்தார்?

ஜூலியஸ்

*

ஆயர் குரோ
17 செப்டம்பர் 2025

ஜூலியஸ்,

உங்கள் மகள் புத்திசாலி. அது யாரிடமிருந்து வந்தது என்று ஆராய வேண்டாம்.

மற்ற மாதங்களில் உங்கள் தந்தை அந்த இடத்தில், "என்கூட வந்துடு" என்று மட்டும் கேட்பார். அம்மா, "வராம? பெட்டிய எவன் தூக்குறது?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் கப்பலில் ஏறுவாள். சுருள் முடியும்.

கடைசி முறை, படம் தொடங்குவதற்கு முன்பு, அவர் துணியின் ஓரம்வரை ஒரு பையனைக் கூட்டி வந்து நிறுத்தினார். துணி கட்டிய கயிற்றைச் சரிபார்ப்பவர் போலத் துணியைச் சற்று விலக்கிப் பிடித்தார். நாங்கள் இருட்டில் இருந்தோம், பையனுக்குத் தெரிந்திருக்காது. புதுச் சட்டை, நெற்றியில் எண்ணெய் வழிந்தது. அம்மா அந்தப் பையனை நன்றாகப் பார்த்தார். "எண்ண கூடிப்போச்சு" என்றார். எனக்கு மட்டும் கேட்டது. அலங்காரம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வந்தது படம் பார்க்க அல்ல, உங்களைக் காட்டுவதற்காக.

கை ஏன் நின்றது என்பதற்கு நான் சாட்சி. அந்தக் கருவி ஓடினால் மாவு மில் போலச் சத்தம் போடும். அம்மா உரக்கப் பேசினால்தான் அதை மீறிக் கேட்கும். அன்று அவர் உடனே பதில் சொல்லவில்லை. மெல்லச் சொன்னால் கேட்காமல் போய்விடுமே என்று உங்கள் தந்தை சுற்றுவதை நிறுத்தினார். நிறுத்தினால் படம் எரியும் என்பது அவரைவிட அங்கே யாருக்குத் தெரியும்? தெரிந்தே நிறுத்தினார். குடித்தவன் செய்யும் காரியம் அல்ல அது. பதில் அவருக்குத் தெளிவாகவே கேட்டது.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மதமா, அண்ணனா, பயமா? கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்து ஒரு முறை கேட்டேன். "படத்துக்குத்தானே பேசுனேன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கப்பல்ல ஏறுனாளே, அப்புறம் அவளுக்கு என்னா ஆச்சுன்னு ஒங்க படத்துல காட்டலியே" என்றார். அறுபது ஆண்டுகளாக இந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நீங்கள் அந்தத் துண்டைப் பார்ப்பது போல. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இறகு இடம் மாறுகிறது.

பலகைக்காரர் வரும்போது இரண்டு பெயர்களையும் கொடுங்கள்: சவரிமுத்து, அஞ்சலை. அம்மாவின் கட்டளையை மீறும் பொறுப்பு என்னுடையது. கண்காட்சி மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, இரு பக்கமும் நாற்காலி போடச் சொல்லுங்கள். நான் வருவேன்; பின்னால்தான் உட்காருவேன்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் தந்தை இல்லாத பிள்ளை எதையும் கொண்டுவரவில்லை. அது துணிக்குப் பின்னால், அஞ்சலையின் மடியில் தலை வைத்து, கண் விழித்துப் படுத்திருந்தது. "பிள்ளையையும்" என்ற சொல் வந்ததும் அம்மாவின் கை அதன் வாயை அழுத்திப் பொத்தியது. பால் நாற்றம் அடிக்கும் கை. எல்லாம் எரிந்து இருட்டாகும்வரை அந்தக் கை விலகவில்லை. அது என்ன சொல்லியிருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை.

"வர்றோம்" என்று சொல்லியிருப்பேன்.

விஜயராணி